பாக்கியம் வரவில்லை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவி ஆசிரியர்கள் மூவருக்கும் வணக்கம். பணி அனுபவங்களை எழுதிக் கொடுங்கள், கையேட்டில் சேர்க்கிறோம் என்று கேட்டிருந்தீர்கள். அடிக்குறிப்புக்கு எப்படி எண் போடுவது, மேற்கோளை எத்தனை வரிக்கு மேல் தனியாகப் பிரிப்பது என்பதெல்லாம் ஏற்கெனவே கையேட்டில் இருக்கிறது. நம் இதழுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். நான் எழுதப்போவது ஒரு முட்டாள்தனத்தைப் பற்றி. அதில் பெரிய பங்கு என்னுடையது. சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் தைரியத்தைப் பொறுத்தது.

நம் இதழ் நாட்டின் சமகால அரங்கத்தை ஆராய்கிற காலாண்டிதழ் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறோம். திண்டுக்கல்லில் ஒரு பாத்திரக்கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு, மணிப்பூர் நாடகத்தையும் வங்காள நாடகத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடுகிறோம். ஆனால் ஆசிரியர் குழுவில் ஒருவரும் நாடகம் பார்க்கப் போவதில்லை. இதை ஊருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை, ஊருக்கு நம் இதழையே தெரியாது.

முதன்மை ஆசிரியரை எல்லோரும் புரபசர் என்றுதான் கூப்பிடுவோம். பார்ப்பது ரசிகர்களின் வேலை, படிப்பதுதான் ஆய்வாளரின் வேலை என்பது அவருடைய கொள்கை. மேடையில் நடப்பது நாளுக்கு நாள் மாறும், எழுதிய பிரதி மாறாது, ஆகவே பிரதி இல்லாத நாடகத்துக்குக் கட்டுரை கிடையாது என்பார். யாராவது வீடியோ அனுப்பினால் திறந்துகூடப் பார்க்க மாட்டார். வருகிற கட்டுரையைப் பெயரை மறைத்து இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்புவோம். அவர்களும் நாடகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்க்காதவர் எழுதி, பார்க்காதவர்கள் சரிபார்த்து, பார்க்காத நாங்கள் அச்சிட்டோம். அதற்குத் தரக்கட்டுப்பாடு என்று பெயரும் வைத்திருந்தோம்.

இப்படி இருக்கும்போதுதான் செலின் டீச்சர் மாடியேறி வந்தார். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வடமதுரைப் பக்கத்தில் பூ எடுக்கிற, வெங்காயம் பிடுங்குகிற பெண்கள் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு நாடகம் போட்டிருந்தார். சனிக்கிழமை பிற்பகலில் சர்ச் ஹாலில் ஒத்திகை. திண்டுக்கல்லிலேயே இரண்டு முறை மேடையேற்றியும் ஆயிற்று. சென்னையில் ஒரு நாடக விழாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு ஓர் ஆய்விதழில் குழுவைப் பற்றிக் கட்டுரை வந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக எங்களிடம் வந்தார்.

"பிரதி கொடுங்க டீச்சர், நல்ல ஆளா பாத்து எழுதச் சொல்றேன்" என்றேன்.

"பிரதின்னு ஒண்ணும் இல்ல சார். அவுகளாப் பேசிப் பேசி உண்டாக்குனது. நீங்க ஒரு தடவ வந்து பாருங்களேன்."

"பாக்குறது அப்புறம். எழுத்துல என்ன இருக்கோ அதக் கொண்டாங்க."

மறுவாரம் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "முன்னாடி எட்டுப் பக்கம் பாட்டு சார். அத மட்டும் எடுத்துக்கங்க. பின்னாடி இருக்கிறது எங்க சொந்தச் சமாச்சாரம்" என்றார். நான் அப்போது அட்டையின் நிறத்தைப் பற்றி அச்சகத்தோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மறுநாள் நோட்டு முழுவதையும் நகலெடுத்து ஒரு முனைவருக்கு அனுப்பிவைத்தேன். அவர் பெயர் வேண்டாம். இப்போது பெரிய நாற்காலியில் இருக்கிறார்.

கட்டுரை ஒரே மாதத்தில் வந்துவிட்டது. தலைப்பு 'இன்மையின் அரங்கு'. நாற்பது பக்கம். முனைவர் பாட்டுகளைத் தொடவே இல்லை. நோட்டின் பின்பகுதிதான் அவரை ஆட்கொண்டுவிட்டது. அங்கே என்ன இருந்தது என்று சொல்கிறேன். "பாக்கியம் வரவில்லை. சரசு வரவில்லை. வெங்காயம் பிடுங்கப் போய்விட்டார்கள்." இதை வைத்து, வராத பாத்திரமே இந்த நாடகத்தின் மையப் பாத்திரம் என்று பத்துப் பக்கம் எழுதியிருந்தார். "சரசுவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இன்று பாட்டு வேண்டாம்." இது அதிகாரம் குரலை நெரிப்பதன் குறியீடாம். "டீ போதவில்லை." இதற்குப் பற்றாக்குறையின் அழகியல் என்று துணைத்தலைப்பே போட்டிருந்தார்.

அதாவது, ஒத்திகைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, அன்று என்ன நடந்தது என்று செலின் டீச்சர் தன் ஞாபகத்துக்காக எழுதிவைத்த குறிப்பை முனைவர் நாடகம் என்று நினைத்துவிட்டார். மதிப்பீட்டாளர்களில் ஒருவர் இது தமிழ் அரங்கின் திருப்புமுனை என்று எழுதினார். இன்னொருவர் கொஞ்சம் கறாரானவர். டீ பற்றிய பகுதியை இன்னும் விரிக்கலாம் என்றார். விரித்தார்கள்.

மெய்ப்புப் பார்த்தது நான். கட்டுரைக்குப் பின்னிணைப்பாகக் குறிப்பு முழுவதும், பெயர்களோடு அப்படியே, நாடகப் பிரதி என்ற தலைப்பில் போட்டிருந்தது. "மணி நாலாகிவிட்டது. சாவியைக் கொடுத்துவிட வேண்டும்" என்ற வரியைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓரத்தில் பென்சிலால், "இது ஒத்திகைக் குறிப்பு இல்லையா?" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று முனைவர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள், நான் வெறும் எம்.ஏ. கேட்டுவைத்தால் சிரிப்பார்களே என்று பயந்தேன். ரப்பரை எடுத்து அழித்துவிட்டேன். என் வேலைக்காலத்தில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான். கேட்கத் தெரியாமல் விட்டவனை மன்னிக்கலாம், நான் கேட்டுவிட்டு அழித்தவன்.

அழித்ததோடு நில்லாமல் எனக்குத் தாராள மனசு வேறு வந்துவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது பெண்களின் விலாசமும் இருந்தது, விழாவுக்கு அடையாள அட்டை வாங்குவதற்காக எழுதியது. வயக்காட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு நம் ஆய்விதழ் போகட்டுமே என்று, மற்ற சந்தாதாரர்களுக்கு முன்பாகவே ஒன்பது பிரதிகளை உறையிலிட்டு அனுப்பினேன். புரபசர் அந்த உறைகளோடு நின்று போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் செலின் டீச்சர் இதழ் வாங்க வந்தார். நின்றபடியே புரட்டினார். பின்னிணைப்புக்கு வந்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சார், இது நாடகம் இல்ல சார். யாரு வந்தா, யாரு வரலன்னு நான் எழுதி வச்சது. இதப் போடாதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து என் முன்னால் தள்ளினார். அங்கே இரண்டு குறிப்புகள். "பாக்கியம் வீட்டில் மகளிர் குழுக் கூட்டம் என்று சொல்லிவிட்டுத்தான் ஒத்திகைக்கு வருகிறாள். நேரத்தோடு விட்டுவிட வேண்டும்." அதற்குக் கீழே, "பாக்கியம் இன்று புருஷன் வேஷத்துக்குத் தன் வீட்டுக்காரர் நடப்பது மாதிரியே நடந்து காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு அவள் மட்டும் அழுதாள்."

"அவ வீட்டுக்காரருக்கு இவ நடிக்கிறதே தெரியாது சார். அவளுக்காகத்தான் வடமதுரைல நாங்க நாடகமே போடல. இத அவரு பாத்தாருன்னா இனிமே அவள வெளிய அனுப்புவாரா? அவ இல்லாட்டி நாடகமும் இல்ல."

ஒன்பது உறைகளைப் பற்றிச் சொன்னேன். பாக்கியத்தின் விலாசம் அவள் கணவர் முருகேசனின் மோட்டார் வைண்டிங் கடை. டீச்சர் எழுந்துவிட்டார். பாக்கியத்துக்குப் போன் போட்டுச் சொல்லவும் வழியில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் முருகேசன் சட்டைப்பையில்.

புரபசருக்குப் போன் செய்தேன். மீதிப் பிரதிகளை அனுப்ப வேண்டாம், பின்னிணைப்பை எடுத்துவிடலாம் என்றேன். அவர் பதறவே இல்லை. எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்பது நமக்கு முக்கியமில்லை, ஆய்வாளர் அதை நாடகமாக வாசித்துவிட்டார், எனவே அது நாடகம் என்றார். பாக்கியத்தின் விஷயத்தைச் சொன்னேன். "அட, நம்ம பத்திரிகைய வடமதுரைல யாருய்யா படிக்கப்போறா?" என்று சிரித்தார். இதழ் தொடங்கிய நாளிலிருந்து அதைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அன்றைக்கு அதுவும் பொய்யாகிவிட்டது.

மீதி இதழ்க் கட்டுகளை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு டீச்சரோடு பஸ் ஏறினேன். புரபசரிடம் இன்னொரு சாவி இருந்ததும், திங்கட்கிழமை அவரே எல்லாவற்றையும் தபாலில் சேர்த்ததும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் என் யோசனையெல்லாம் தபால்காரரை எப்படி மடக்குவது என்பதுதான். அந்தப் பெண்ணிடம் போய், தப்பு செய்துவிட்டோம் என்று முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

தபால்காரர் எங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தார். முருகேசன் கடை வாசலில், ஸ்டூலில் உட்கார்ந்து, கழற்றிப் போட்ட ஒரு போர்வெல் மோட்டாரின் மேல் நம் இதழை விரித்துவைத்திருந்தார். ரிப்பேருக்கு வந்த ஒருவர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்கதேன் இதப் போட்டவுகளா? ஒக்காருங்க சார். முன்னாடி நாப்பது பக்கம் என்னமோ எழுதிருக்கு, ஒரு எழவும் வெளங்கல. கடேசில இருக்கிறது மட்டும் நல்லா வெளங்குது."

இத்தனை வருடத்தில் நம் இதழை வாங்கிப் படித்து, புரிகிறது என்று ஒரு மனிதர் என் முகத்துக்கு நேரே சொன்னது அன்றுதான். அவருக்குப் புரிந்தது எந்தப் பக்கம் என்பதுதான் சிக்கல்.

"இதுல வர்ற பாக்கியம் யாரு சார்?" என்றார்.

அங்கேதான் எனக்கு ஒரு குறுக்குவழி தெரிந்தது. நாம் அதை நாடகம் என்றுதானே அச்சிட்டிருக்கிறோம்? "அது கற்பனைப் பாத்திரம்ங்க. நடந்தது எதுவும் இல்ல" என்றேன். முனைவர் எழுதிய அத்தனை உளறலையும், மூன்று மாதமாக மனசுக்குள் நான் எள்ளி நகையாடிய அதே உளறலை, கூச்சமில்லாமல் அவருக்கு எடுத்துவிட்டேன். வராத பாத்திரம், குறியீடு, பற்றாக்குறை, எல்லாம். செலின் டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய படிப்பு படிச்சவுக சொல்றாக, இருக்கும்ப்பா" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"அப்ப எம் பொஞ்சாதி பேருக்கு எதுக்கு வந்துச்சு?"

"மகளிர் குழுக்களுக்கெல்லாம் அனுப்புறோம்ங்க."

முருகேசன் முகம் கொஞ்சம் தளர்ந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்ட நேரத்தில், பின்னால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. ஒரு பெண் தூக்குச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு நின்றிருந்தாள். சோறு கொண்டுவந்த பாக்கியம். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. சும்மா இரு என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைச் சட்டை செய்யவில்லை.

"சார் பொய் சொல்றாக. அந்தப் பாக்கியம் நான்தேன்."

முருகேசன் இதழை மடக்கினார். "குழுக் கூட்டம்னு சொன்ன?"

"பொய்தேன்."

"என்னைய மாதிரி நடந்து காட்டுனியா?"

"காட்டுனேன்."

"அம்புட்டுப் பேரும் சிரிச்சாகளா?"

"சிரிச்சாக."

அவர் எதையாவது தூக்கி அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தூக்குச்சட்டியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அப்புறம் நீ எதுக்கு அழுத?"

நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். அந்த அழுகைக்கு முனைவர் ஆறு பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். மதிப்பீட்டாளர்கள் இருவரும் அதைப் பாராட்டியிருந்தார்கள். அவள் எதற்கு அழுதாள் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

"அத வாயில சொல்ல வராது. வர்ற வாரத்துக்கு மறுவாரம், ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு, திண்டுக்கல் சர்ச் ஹால்ல போடுறோம். வந்து பாருங்க" என்றாள் பாக்கியம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீகளா சார்?"

"இல்லம்மா."

"பாக்காமயா இம்புட்டுப் பக்கம் எழுதுனீக?"

இந்தக் கேள்விக்குக் கையேட்டில் பதில் கிடையாது. உங்களிடமும் இருக்காது. "இன்னைக்கு வெஞ்சனம் கத்திரிக்கா, ஆறுறதுக்குள்ள சாப்புடுங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். முருகேசன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நான் சர்ச் ஹாலுக்குப் போனேன். அரங்க ஆய்விதழில் வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் பார்த்த முதல் ஒத்திகை. எட்டுப் பேர் இருந்தார்கள். நாலு மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். நாலு மணிக்குச் செலின் டீச்சர் புது நோட்டை எடுத்து எழுதினார். பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். "பாக்கியம் வரவில்லை." எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டே வார்த்தைதான், முனைவர் அதைப் பத்துப் பக்கத்துக்கு இழுத்திருந்தார்.

நாடகத்தன்று இரண்டரை மணிக்குப் பாக்கியம் வந்தாள். பத்தடி பின்னால் முருகேசன். இரண்டு வாரமாக அவர் அவளோடு பேசவில்லை என்று சரசு என்னிடம் சொன்னாள். பேசாமலேதான் பஸ்ஸில் கூட வந்தாராம். முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அவருக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தேன்.

தோளில் துண்டோடு, காலை இழுத்து இழுத்து, பாக்கியம் மேடைக்கு வந்தாள். ஹால் முழுவதும் சிரித்தது. முருகேசன் சிரிக்கவில்லை. மேடையில் அந்தப் புருஷன், வீட்டில் எல்லோரையும் அதட்டி விரட்டிவிட்டு வெளியே வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வாய்க்கால் கரையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொள்கிறான். வசனமே இல்லை. வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருக்கிறான். சிரித்த ஹால் அடங்கிவிட்டது. நாள் முழுக்க மோட்டார் முன்னால் குத்தவைத்து உட்காருகிறவரின் கால் அது. அவரைப் போல நடந்து பார்த்த அன்றைக்குத்தான் அந்த வலி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அழுததும் அதற்குத்தான்.

நாடகம் முடிந்து எல்லோரும் கை தட்டினார்கள். பாக்கியம் வேஷத்தோடு கீழே இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள். இனிமேல் உண்டா இல்லையா என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். டீச்சரும் மற்ற எட்டுப் பேரும் மேடை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வலி வலது முட்டிலதேன்" என்றார் முருகேசன். "நீ எடது கால இழுக்குற. அடுத்த தடவ மாத்திக்க."

அடுத்த தடவை என்று அவர் சொன்னதைக் கேட்டதும் மேடை ஓரத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றியது. நம் இதழ் இத்தனை காலமாக ஓர் அரங்க விமர்சகரைத் தேடிக்கொண்டிருந்தது, அவர் வடமதுரையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த இதழுக்கு நான் ஒரு பக்கம் எழுதினேன். நாம் வெளியிட்ட பின்னிணைப்பு நாடகமல்ல, ஒத்திகைக் குறிப்பு, அனுமதியின்றிப் பெயர்களோடு அச்சிட்டோம், அந்த ஒன்பது பேரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம் என்று எழுதினேன். கீழே, முருகேசனிடம் கேட்டுக்கொண்டு, நாடகத்தைப் பற்றி அவர் சொன்னதையும் அவர் பெயரிலேயே சேர்த்தேன். புரபசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மன்னிப்பைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கீழே வந்ததும் நிமிர்ந்தார்.

"யாருய்யா இந்த முருகேசன்? என்ன தகுதி?"

"நாடகத்தைப் பாத்திருக்கார் சார்."

"அது போதாது" என்று சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவால் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்தார்.

'இன்மையின் அரங்கு' கட்டுரையை இன்றும் ஆய்வேடுகளில் மேற்கோள் காட்டுகிறார்கள். நீங்களும் படித்துவிட்டுத்தான் நேர்காணலுக்கு வந்திருப்பீர்கள், வெட்கப்பட வேண்டாம். நான் எழுதிய அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை. நீங்கள் மூவரும் உட்காரும் மேஜையின் இடதுபக்க இழுப்பறையில், ரப்பருக்குக் கீழே வைத்திருக்கிறேன். சிவப்புக் கோடுகளுக்கு அடியில் எழுத்து இன்னும் நன்றாகவே தெரிகிறது. அடுத்த இதழில் ஒரு பக்கம் இடம் கிடைக்குமா என்று பாருங்கள்.